மாட்டுக்கு உன்னைக் காட்டு

"பாப்பா, பின்னாடி போவாத. அது எட்டி ஒதைக்கும்."

மாட்டுக்காரம்மா சொல்லி வாய் மூடுவதற்குள் உதை விழுந்துவிட்டது. நல்லவேளை, போனது தெர்மாமீட்டர் மட்டும்தான். பயிற்சிக்கு வந்திருந்த மாணவி இரண்டடி தாவிப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

ஆவடிக்கு மேற்கே, பட்டாபிராம் தாண்டி ஒரு மாட்டுக்கொட்டகை. அங்கேதான் நாங்கள் பால் வாங்குகிறோம். அன்று காலை தூக்குவாளியோடு போனபோது, லட்சுமிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். இரண்டு நாளாக அசை போடவில்லை. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. கால்நடை மருத்துவர் வந்திருந்தார். கூடவே, படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள அந்த மாணவி.

மருத்துவர் கோபப்படவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "மாட்டு மேல தப்பில்லம்மா. நீ வந்ததே அதுக்குத் தெரியாது. மொதல்ல மாட்டுக்கு உன்னைக் காட்டு."

அந்த ஒரு வாக்கியம் பல நாட்கள் என்னை விடவில்லை. அறிமுகமில்லாத ஒரு விலங்கிடம் நம்மைக் காட்டிக்கொள்வது எப்படி? அதற்குள் இருக்கும் அறிவியல் என்ன? தேடிப் படிக்கப் படிக்க ஒன்று உறுதியானது: விலங்கோடு ஏற்படும் அந்தச் சிறிய அறிமுகம், சிகிச்சை தொடங்கும்முன் செய்துவைக்கும் உபசாரம் அல்ல. சிகிச்சையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஊரும் மாடும்

ஆவடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ராணுவ டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். அரசியல் வரலாறு அறிந்தவர்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு. 2019 முதல் இது மாநகராட்சி. ஆனாலும் பெயரின் முதலெழுத்தே 'ஆ'. ஆ என்றால் பசு. பசுக்கள் நிறைந்த இடம் என்பதால்தான் இந்தப் பெயர் என்று விளக்குவோரும் உண்டு. அந்த விளக்கம் சரியோ இல்லையோ, கோவில்பதாகைப் பக்கமும் திருநின்றவூர் வழியிலும் ஏரிக்கரை ஓரங்களில் கலப்பின ஜெர்சிகளும் எருமைகளும் இன்னமும் மேய்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் பூனையும் லாப்ரடாரும். தெருவுக்குத் தெரு நாட்டு நாய்கள். நகரமும் கிராமமும் கலந்து கிடக்கும் இந்த மேற்குப் புறநகரில் ஒரு கால்நடை மருத்துவர் ஒரே நாளில் மாடு, ஆடு, நாய், பூனை, கிளி என எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்கான படிப்பு இங்கிருந்து மின்சார ரயில் தூரம்தான். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பட்டது. நம் தாத்தா பாட்டிகளுக்கு அது 'வேப்பேரி மாட்டாஸ்பத்திரி'. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. அதன் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில். பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு பாடம், ஓராண்டு நேரடிப் பயிற்சி.

அந்த ஓராண்டில்தான் பாடப்புத்தகத்தில் இல்லாத சிக்கல் எதிரே வந்து நிற்கும். மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் நோயாளி தானாக வருகிறார், எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார், ஊசி எதற்கென்று அறிந்து கையை நீட்டுகிறார். மாட்டுக்கு இது எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், முன்பின் பார்த்திராத ஒருவர் தன் உடம்பை நோக்கி வருகிறார் என்பது மட்டுமே. இதற்கு முன் அப்படி வந்தவர் ஊசி குத்திவிட்டுப் போயிருப்பார்.

மாட்டின் கண்ணால்

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் அமைந்திருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 330 டிகிரி அளவுக்கு அதனால் பார்க்க முடியும். மேய்ந்துகொண்டே எதிரியைக் கவனிக்க வேண்டிய விலங்குக்கு இயற்கை கொடுத்த ஏற்பாடு இது. மீதமிருக்கும் அந்தச் சிறு பகுதி வாலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. மாணவி தெர்மாமீட்டரோடு போய் நின்ற இடம் சரியாக அதுதான். புலி பாய்வதும் அந்தத் திசையிலிருந்துதானே.

பார்வை அகலமாக இருப்பதற்கு மாடு ஒரு விலை கொடுக்கிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு குறுகலானது என்பதால் ஆழத்தைக் கணிப்பது அதற்குக் கடினம். தரையில் விழுந்த நிழலும் தேங்கிய தண்ணீரும் அதற்குப் பள்ளமாகத் தெரியக்கூடும். கொட்டகை வாசலில் மாடு 'அடம் பிடிக்கிறது' என்று நாம் கயிற்றை இழுக்கும் நேரத்தில் அது பள்ளம் பார்த்து நின்றிருக்கலாம். காதும் அப்படியே. நம் செவி 20 ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மாட்டின் செவி 35 ஆயிரம் வரை போகும். இரும்புத் தட்டில் கத்தரிக்கோல் விழும் ஓசை நமக்கு ஒரு சத்தம். மாட்டுக்கு அது காதைக் கிழிக்கும் கூர்மை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெம்பிள் கிராண்டின் இதையெல்லாம் கையாளும் முறையாக வகுத்துத் தந்தவர். ஆட்டிசம் உள்ள அவர், மாடுகள் நடக்கும் குறுகிய பாதைக்குள் தாமே இறங்கி, மாட்டின் கண் மட்டத்திலிருந்து பார்த்தார். ஆடும் சங்கிலி, வேலியில் தொங்கும் சட்டை, தரையில் விழும் வெளிச்சக் கீற்று என மனிதர்கள் பொருட்படுத்தாதவைதான் மாடுகளை மிரள வைக்கின்றன என்று கண்டார். ஒவ்வொரு விலங்கையும் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அந்நியர் அதற்குள் நுழைந்தால் விலங்கு விலகும். பழகிய மாட்டுக்கு அந்த வட்டம் ஏறக்குறைய இல்லை. பழகாத மாட்டுக்கு அது பல அடி. வட்டத்தின் விளிம்பில் நின்று, விலங்கு நம்மைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தால் வட்டம் தானாகவே சுருங்கும்.

மருத்துவர் அன்று சொல்லிக்கொடுத்ததும் இதுதான். முன்பக்கத்தில் சற்றுச் சாய்வாக, தோளை நோக்கி, பேசிக்கொண்டே வர வேண்டும். முதல் தொடுகை தோளில். பிறகு கையை எடுக்காமலே முதுகு வழியாக வால்வரை நடக்க வேண்டும். கை மேலே இருக்கும்வரை நாம் எங்கே இருக்கிறோம் என்பது மாட்டுக்குத் தெரியும். உடம்போடு ஒட்டி நிற்பதும் பாதுகாப்புதான். மாடு காலை முன்னால் இழுத்துப் பக்கவாட்டில் வீசி உதைக்கும் விலங்கு. ஒட்டி நிற்பவரை அந்தக் கால் தள்ளும். ஓரடி தள்ளி நிற்பவரை முழு வேகத்தில் அடிக்கும்.

கழுத்தடியில் ஒரு சொறி

மாணவி இரண்டாவது முறை முன்பக்கமாக வந்தார். "லட்சுமி... லட்சுமி..." என்று மெதுவாகக் கூப்பிட்டார். மாடு காதை மட்டும் திருப்பியது. தோளைத் தொட்டார். தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. "தட்டிக்குடுக்காத, சொறிஞ்சு விடு" என்றார் மாட்டுக்காரம்மா. "தாடைக்குக் கீழ. அங்கதான் அதுக்குப் புடிக்கும்."

எந்த ஆய்வுக் கட்டுரையையும் அவர் படித்ததில்லை. ஆனால் 2008இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஆய்வாளர்கள் வெளியிட்டது இதையேதான். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும்போது அதிகம் நக்குவது தலையையும் கழுத்தையும்தான். நட்பைச் சொல்லும் வழி அது. மனிதர்களும் கழுத்தடியில் தடவிக்கொடுத்தால், மாடு கழுத்தை நீட்டிக் காதைத் தொங்கவிட்டு இசைந்துகொடுக்கிறது. தடவியவரிடம் விலகாமல் நிற்கவும் கற்றுக்கொள்கிறது. விலாவில் தடவினால் அந்த அளவுக்குப் பலனில்லை. ஆக, தொடுகையும் ஒரு மொழி. அதை விலங்கின் இலக்கணத்தில் பேச வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வீண்போகவில்லை. 2009இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 516 பண்ணையாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். மாடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் மாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 258 லிட்டர் பால் கூடுதலாகக் கிடைத்தது. பெயருக்கு மந்திர சக்தி இல்லை. பெயர் வைப்பவர் ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகப் பார்க்கிறார், மாடும் அவரைக் கண்டு மிரள்வதில்லை என்பதன் அடையாளமாக அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

பால் சுரப்பின் வேதியியல் இதை விளக்கும். கன்று முட்டும்போதும் பழகிய கை மடியைத் தொடும்போதும் மாட்டின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை வெளியிடுகிறது. அது ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து, பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசை இழைகளைச் சுருக்கிப் பாலை இறக்குகிறது. பயம் வந்தால் அட்ரினலின் பாயும். இந்த வேலை தடைபடும். பால் மடியிலேயே நின்றுபோகும். நம் ஊரில் 'மாடு எக்கிக்கிச்சு' என்று சொல்வது இதைத்தான். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு மாடுகளிடம் கடுமையாக நடந்துகொண்ட ஆள் அருகில் வெறுமனே நின்றிருந்தாலே, கறந்தபின் மடியில் தங்கிப்போகும் பாலின் அளவு 70 விழுக்காடு உயர்ந்தது. அவர் மாட்டைத் தொடவில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

பயம் எண்களை மாற்றும்

பயத்தின் விளைவு பாலோடு நிற்பதில்லை. நோய் கண்டறிவதையே அது குழப்பிவிடும். வளர்ந்த மாட்டின் இதயம் நிமிடத்துக்கு 48 முதல் 84 முறை துடிக்கும். உடல் வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியிருக்கும். மிரண்ட மாட்டுக்கு இதயத்துடிப்பு எகிறும், மூச்சு வாங்கும், வெப்பமும் கூடும். இது காய்ச்சலா, கலவரமா? பதறிய மாட்டைப் பார்த்துப் பதறிய மருத்துவர் எழுதும் எண் எதைக் காட்டுகிறது என்று யாருக்குத் தெரியும்?

பூனைகளிடம் இது இன்னும் கூர்மை. 1999இல் வெளியான ஆய்வொன்றில், மருத்துவமனைக்கு வந்த சூழ்நிலையாலேயே பூனைகளின் ரத்த அழுத்தம் சராசரியாகச் சுமார் 18 மில்லிமீட்டர் பாதரச அளவு உயர்ந்தது. சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். அதை மட்டும் நம்பினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்க நேரிடும். அமைதியான விலங்கிடம் எடுத்த அளவுதான் நம்பகமான அளவு. அப்படிப் பார்த்தால் ஸ்டெதஸ்கோப்பைப் போல நம்பிக்கையும் ஒரு மருத்துவக் கருவி. அதைச் சரியாகப் பிடிக்கத் தெரியாவிட்டால் மற்றக் கருவிகள் பொய் சொல்லும்.

அந்நியரிடம் நம்பிக்கை வரவழைக்கும் வழி இனத்துக்கு இனம் மாறும். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முன்பின் அறியாத பூனைகளின் எதிரே அமர்ந்து, கண்களைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தார்கள். பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின. சலனமற்ற முகத்தோடு இருந்தவரைவிட, இப்படிக் கண்மூடித் திறந்தவர் நீட்டிய கையை நோக்கி அவை அதிகமாக வந்தன. ஆடுகளை வைத்து 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சிரித்த முகத்தின் படமும் கோபமுகத்தின் படமும் எதிரே இருந்தபோது ஆடுகள் சிரித்த முகத்தை நாடிப் போயின.

நாய்க்கு வேறு பாடம். வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015இல் காட்டினார்கள். ஆனால் அது பழகியவர்களுக்கு உரிய சலுகை. அந்நியர் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பது நாயின் மொழியில் மிரட்டல். தெருநாய்க்குத் தடுப்பூசி போடப் போகும் மாணவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். நாய் தானாக வந்து முகர்ந்து பார்க்க விட வேண்டும். அது உதட்டை நக்கினால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளையைக் காட்டினால், 'போதும், இன்னும் கிட்ட வராதே' என்று சொல்கிறது. உறுமல் அதற்குப் பிறகுதான். கடி கடைசி வார்த்தை. முதல் வார்த்தையிலேயே கேட்டுக்கொண்டால் கடைசி வார்த்தைக்கு அவசியமிருக்காது.

நம் பதற்றத்தையும் நாயிடம் மறைக்க முடியாது. அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் 2022இல் நடந்த ஆய்வில், மனக்கணக்குப் போட வைத்துப் பதற்றப்படுத்தியவர்களின் வியர்வையும் மூச்சுக்காற்றும் கலந்த மணத்தை, அவர்களே நிதானமாக இருந்தபோது எடுத்த மணத்திலிருந்து பயிற்சி பெற்ற நாய்கள் பிரித்துக் காட்டின. 100 முறைக்கு 93 முறைக்கு மேல் சரி. ஆகவே விலங்கை அமைதிப்படுத்துவதற்கு முன் மாணவர் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் நின்று, மூச்சை நிதானமாக விட்டு, பிறகு நெருங்க வேண்டும்.

நெருக்கத்துக்கும் எல்லை உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு அன்பு மட்டும் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. "தொண்டையில மாங்கொட்டை சிக்கிடுச்சு போல, எச்சில் வழியுது, எதையும் முழுங்க மாட்டேங்குது" என்று சொல்லி மாட்டைக் காட்டுவார்கள். பரிவு மிகுந்த புதியவர் உடனே வாயில் கையை விட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் எச்சில் ஒழுகுதல், விழுங்க முடியாமை, குரல் மாறிக் கத்துதல் ஆகியவை வெறிநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். வைரஸ் அந்த எச்சிலில்தான் இருக்கிறது. கையில் ஒரு சிறு கீறல் போதும், உள்ளே நுழைந்துவிடும். நோய் முற்றி அறிகுறி தென்பட்டுவிட்டால் மனிதருக்கும் ஏறக்குறைய மீட்சியில்லை.

அதனால்தான் கால்நடை மருத்துவ மாணவர்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். கையுறையும், மாட்டை நிறுத்திவைக்கும் ட்ரெவிஸ் சட்டமும், நாய்க்கு வாய்க்கட்டும் நம்பிக்கைக்கு எதிரானவை அல்ல. சரியாக, குறைந்த நேரத்துக்குக் கட்டிப் பிடிப்பது, ஐந்து பேர் சேர்ந்து அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட விலங்குக்கு எவ்வளவோ இரக்கமானது. இதை வாசிக்கும் நீங்களும் ஒன்றை மனத்தில் வையுங்கள்: எந்த விலங்கு கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெருங்குவதும் எச்சரிக்கையாக இருப்பதும் ஒரே திறமையின் இரு கைகள்தான். இரண்டுக்கும் அடிப்படை, விலங்கைக் கவனித்துப் படிப்பது.

காட்டிலிருந்து வந்த நோயாளி

இந்தத் திறமைக்குத் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்த உதாரணம் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியே தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர். வனத்துறையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி, யானைகளோடு வாழ்நாளைக் கழித்தவர். 2002இல் மறைந்தார்.

1998இல் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, பிடிபட்டது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. உடம்பில் காயங்கள். அதற்கு மனிதரைப் பற்றி இருந்த அறிமுகமெல்லாம் வலியும் துரத்தலும்தான். கரால் எனப்படும் மரக்கட்டைக் கூண்டில் வைத்து, கிருஷ்ணமூர்த்தியின் மேற்பார்வையில் அதற்குச் சிகிச்சை நடந்தது. பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் தினமும் உணவு கொடுத்து, பேசி, பழக்கினார்கள். பிழைத்து எழுந்த அந்த யானைக்கு மருத்துவரின் பெயரையே சுருக்கி 'மூர்த்தி' என்று வைத்தார்கள். முதுமலை தெப்பக்காடு முகாமின் சாதுவான யானைகளில் ஒன்றாக வாழ்ந்து, 2024இல் அது இறந்தது.

மருத்துவர் ஒருவரால் மட்டும் இது நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தினசரி பழகும் பாகன்தான் பாலம். யானைக்குப் பாகன் என்றால் லட்சுமிக்கு மாட்டுக்காரம்மா. அவர் குரல் கேட்டதால்தான் மாடு நின்றது. அவர் சொன்ன இடத்தில்தான் சொறிந்துவிட முடிந்தது. அறிமுகமில்லாத விலங்கிடம் போக நல்ல வழி, அதற்கு அறிமுகமானவரிடம் முதலில் கேட்பது. இதற்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், எந்தப் பக்கம் தொட்டால் கூசும்? நோய் வரலாற்றைக் கேட்பதோடு இந்த மூன்றையும் மாணவர்கள் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஊசியோடு போக வேண்டாம்

வேறொரு தெர்மாமீட்டரில் லட்சுமிக்கு வெப்பம் பார்த்தாயிற்று. இடது வயிற்றுக் குழியில் கை முட்டியை அழுத்தி, வயிறு எத்தனை முறை அசைகிறது என்று மாணவி எண்ணினார். நலமான மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை முட்டியைத் தள்ளும். லட்சுமிக்கு மிகவும் மந்தம். அஜீரணம்தான் என்று முடிவானது. முந்தாநாள் கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை யாரோ கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஊசியும் போட்டாயிற்று. ஒருமுறை தலையை உதறியதோடு சரி.

மருத்துவர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். மாணவியும் இரண்டடி எடுத்து வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி மாட்டின் முன்பக்கமாக வந்து தாடைக்குக் கீழே சொறிந்துவிட ஆரம்பித்தார். அவசர வேலை ஒன்றும் இனி இல்லை. மாட்டிடமிருந்து அவருக்கு வேண்டியதும் ஏதுமில்லை.

மாடுகள் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்து அறியும். தம்மை வருத்தியவரையும் பரிவோடு நடத்தியவரையும் ஆடையின் நிறத்தைக் கொண்டே அவை அடையாளம் வைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு ஒன்று வலித்தால், அடுத்து வரும் வெள்ளைக் கோட்டும் வலிக்கும் என்று மாடு நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பயிற்சி மாணவி அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விடுவார். லட்சுமியை மறுபடி பார்க்கப்போவதில்லை. ஆனால் லட்சுமியிடம் அடுத்து வரப்போகும் மாணவனோ மாணவியோ, இவர் விட்டுப்போன நினைவின் மேல்தான் வந்து நிற்க வேண்டும். முன்பின் தெரியாத விலங்கு என்று நாம் சொல்கிறோம். அந்த விலங்குக்கு நாம் முன்பின் தெரியாதவர்கள் அல்ல. நமக்கு முன்னால் வந்துபோன ஒவ்வொருவராலும் நாம் ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கிறோம்.

நான் தூக்குவாளியோடு திரும்பினேன். அன்று பால் இல்லை. வாசல் தாண்டும்போது ஒருமுறை பார்த்தேன். லட்சுமி கழுத்தை முழுக்க நீட்டி, காதைத் தொங்கவிட்டு நின்றிருந்தது.